பழைய அவுட்போர்டில் கம்ப்ரஷன் விழுந்தால்: ரிங்கா, போரா, தலைமுழுகலா?

போன சித்திரையில் பழைய 15 எச்.பி. அவுட்போர்ட் ஒன்று, அதாவது போட்டின் பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின், வாங்கினேன். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 246 சி.சி. விற்றவர் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை, அளக்கிற கேஜை மாட்டி என் கண் முன்னாலேயே இழுத்துக் காட்டினார்: மேல் சிலிண்டர் 112 பி.எஸ்.ஐ., கீழ் சிலிண்டர் 108. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று காசை எண்ணிக் கொடுத்து, ஓட்டோவில் குறுக்கே படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திருகோணமலை டச்சுக்குடாவுக்குள் இரண்டு வாரம் ஓடியிருப்பேன். காலையில் ஏழெட்டுத் தரம் கயிறு இழுக்காமல் பிடிக்கவில்லை, மெதுவாக ஓடும்போது நொண்டுகிற மாதிரி ஒரு சத்தம், இன்னும் இரண்டு பேர் ஏறினால் போட் மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே உழுதுகொண்டு போனது. மச்சானிடம் கேஜ் வாங்கி இழுத்துப் பார்த்தேன். மேலே 98, கீழே 58.

வாங்கின அன்று பிளக்கைக் கழற்றியபோது இரண்டு நுனியும் ஆயிலில் குளித்திருந்தது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. நல்லா ஆயில் விட்டு ஓடியிருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். உண்மையில் நான் போவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக் ஓட்டையால் தடித்த ஆயிலை ஊற்றியிருக்க வேண்டும். அந்த ஆயில் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே நின்று காற்றைப் பிடித்துக்கொள்ளும், கேஜ் அழகாக ஏறும், ஒரு டாங்கி எரிபொருள் போவதற்குள் சாயம் வெளுத்துவிடும். யாரென்று சொல்லப் போவதில்லை, பிளக்கை மணந்து பார்க்காதது என் பிழையும்தான்.

சரி, இனி என்ன செய்வது? கரையில் நின்ற ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காபன் கழுவு, சரியாகிவிடும் என்றார் ஒருவர். ரிங் செட் ஒன்றைப் போடு என்றார் இன்னொருவர். லேத்துக்குக் கொடுத்து சிலிண்டர் துளையைப் பெருப்பித்து போர் பண்ணு, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றை அடைக்கிற கேஸ்கட்டைப் பார், மேல் பாகத்தையே மாற்று, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று மற்றவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவருக்கும் தன்னுடைய எஞ்சினில் எது சரிவந்ததோ அதைத்தான் சொன்னார்கள். பிரச்சினை, 58 என்ற எண் நோயின் பெயர் இல்லை, காய்ச்சல் அளவு மாதிரி. மலேரியாவுக்கும் காய்ச்சல்தான், புண் பழுத்தாலும் காய்ச்சல்தான்.

முதலில் அந்த எண்ணையே நம்பலாமா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை ஒரு ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும், பிறகு இரண்டு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் இல்லை. நெருப்புப் பொறி வராதபடி அவசர நிறுத்தக் கயிற்றைக் கழற்றி வைத்து, பிளக் வயர்களை உடம்போடு எர்த் பண்ண வேண்டும். திரொட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். சில எஞ்சின்கள் நியூட்ரலில் திரொட்டிலை அரைவாசிக்கு மேல் திறக்க விடாது, அப்போது கார்புரேட்டரின் கையைக் கையாலேயே தள்ளிப் பிடிக்க வேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாமல் இழுத்தால் நல்ல எஞ்சினும் குறைத்துத்தான் காட்டும். முள் ஏறுவது நிற்கும் வரைக்கும், ஐந்தாறு இழுவை, ஒரே வேகத்தில்.

கேஜும் ஏமாற்றும். கார் கராஜில் இரவல் வாங்கும் கேஜில் முழ நீளத்துக்கு ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும். காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கிற வால்வு அந்தக் குழாயின் பிளக் பக்க நுனியில் இருந்தால் பரவாயில்லை, மற்றப் பக்கத்தில் கேஜுக்குக் கிட்ட இருந்தால் குழாய்க்குள் இருக்கிற இடமும் சிலிண்டரோடு சேர்ந்துவிடும். கார் சிலிண்டருக்கு அது பெரிதாகத் தெரியாது. எங்களுடைய 123 சி.சி. சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடமே சுமார் 20 மில்லிலீற்றர்தான், ஆகவே நன்றாகவே குறைத்துக் காட்டும். அதனால் மொத்த எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன். பெற்றோல் டூ ஸ்ட்ரோக் ஒன்று 100ஐச் சுற்றி நிற்பது ஆரோக்கியம். இரண்டும் 90, 92 என்றால் பயமில்லை. ஒன்று 115, மற்றது 90 என்றால், 90 தனியாகப் பார்க்க நல்ல எண்ணாக இருந்தாலும், ஏதோ நடக்கிறது. பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் போனால் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, இது எங்கள் கரைகளுக்கு முக்கியம். மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே கொம்பனியால் செய்யப்பட்ட எஞ்சின் பிறவியிலேயே குறைந்த கம்ப்ரஷன் உள்ளது, ஏனென்றால் மண்ணெண்ணெய் அதிக அழுத்தத்தைத் தாங்காமல் தானாக வெடித்து பிஸ்டன் தலையைத் தின்னும். அப்படிப்பட்ட எஞ்சினை பெற்றோல் எஞ்சினின் எண்ணோடு ஒப்பிட்டு 'தேய்ந்துவிட்டது' என்று விலையை அடித்து வாங்கினவர்களும் உண்டு, தேவையில்லாமல் பிரித்துப் பார்த்தவர்களும் உண்டு. அதேபோல சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் சிலவற்றில், கயிறு இழுக்க இலேசாக இருக்கட்டும் என்று, இழுக்கிற வேகத்தில் வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கிற ஏற்பாடு இருக்கும். அதில் கேஜ் எண் எப்போதும் குறைவுதான்.

என்னுடையதில் எண் உண்மையானதுதான். நல்லா ஓடுகிற பக்கத்து வீட்டு எஞ்சினில் அதே கேஜ் 115 காட்டியது.

அடுத்தது ஆயில் சோதனை. குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி இழுப்பது; ஏறினால் ரிங் அல்லது சுவர், ஏறாவிட்டால் கேஸ்கட் அல்லது பிஸ்டனில் ஓட்டை. இதைச் செய்யும்போது பலர் ஒரு தேக்கரண்டி ஆயிலை அப்படியே ஊற்றுவார்கள். மேலே சொன்ன 20 மில்லிலீற்றர் இடத்தில் 5 மில்லிலீற்றர் ஆயில் போய் உட்கார்ந்தால் ரிங்கில் பிழை இல்லாவிட்டாலும் எண் ஏறத்தானே செய்யும்! ஊசிக் குழாயால் ஒரு மில்லிலீற்றர், அதற்கு மேல் வேண்டாம், மெதுவாக இரண்டு தரம் சுற்றிவிட்டு அளக்க வேண்டும். என்னுடையது 58இலிருந்து 81க்குப் போனது. அதற்குப் பிறகு போனில் மாட்டுகிற சின்னக் குழாய்க் கமராவை பிளக் ஓட்டையால் விட்டுப் பார்த்தேன். புகைபோக்கிப் பக்கச் சுவரில் நெடுக நாலைந்து கோடு. இந்தக் கமரா இன்றைக்கு ஒரு பிளக் செட் விலையை ஒட்டித்தான் வருகிறது, பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர் கேஜை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பது என் கட்சி.

இனி வழிகளைப் பார்ப்போம்.

ஒன்றும் செய்யாமல் அப்படியே ஓடுவதும் ஒரு வழிதான், கரையில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், அதைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. உப்பாற்றிலோ கிண்ணியாப் பக்கத்திலோ களப்புக்குள் தூண்டில் போடுகிறவருக்கு எஞ்சின் நின்றால் தாங்குகோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் வெளியே போகிறவருக்குக் கணக்கு வேறு. திருகோணமலையில் கடல் கரையோடேயே ஆழம். கொட்டியாரக்குடாவுக்குள் இருந்தே ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது, கொஞ்சம் வெளியே போனால் நங்கூரக் கயிறு நிலத்தைத் தொடாது. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்குத்தான் அடிக்கும். எஞ்சின் நின்றால் போட் கரைக்கு ஒதுங்காது, வெளியே வெளியே என்று போகும். மீன் படும் மாதமும் அதுதான், கடல் அமைதியாகத் தெரிகிற மாதமும் அதுதான். 58இல் நொண்டுகிற எஞ்சினோடு அந்தக் காற்றில் போவதற்கு எனக்குத் துணிவில்லை.

காபன் கழுவுவது செலவு குறைந்த வழி, ஒரு தரம் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. மட்டமான ஆயில், ஆயில் கூடின கலவை, நாள் முழுக்க வலை இழுத்துக்கொண்டு மெதுவான வேகத்திலேயே ஓடுவது, மண்ணெண்ணெயில் ஓடிவிட்டு பெற்றோலுக்கு மாற்றாமல் அப்படியே நிறுத்துவது, இவை எல்லாம் ரிங் உட்காரும் பள்ளத்தில் காபனைப் படிய வைக்கும். ரிங் தேயவில்லை, ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றி, காபன் கரைக்கிற திரவத்தை உள்ளே விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, அடுத்த நாள் பிளக் போடாமலேயே கயிற்றை இழுத்து மிச்சத்தை வெளியே தள்ளிவிட்டு ஓட வேண்டும். பிளக் போட்டு இழுத்தால் திரவம் அமுங்காது, தண்டு வளையக்கூடும். ஊரே மறைகிற அளவுக்குப் புகை வரும், வீட்டு முற்றத்தில் வேண்டாம், நெருப்புக்குக் கிட்டவும் வேண்டாம். இரண்டு மூன்று தரம் செய்து எண் 15, 20 ஏறினால் நோய் அதுதான், வேலை முடிந்தது. கமராவில் சுவர் வழுவழுப்பாக, கோடு இல்லாமல் தெரிகிற எஞ்சினுக்குத்தான் இந்த வைத்தியம். கோடு விழுந்த சுவரைக் கழுவினால் கோடு சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான் பலன். நானும் கழுவினேன், 58 என்பது 61 ஆனது.

கேஸ்கட் என்றால் கொடுத்து வைத்தவர். ஆயில் சோதனையில் எண் ஏறாது, அல்லது பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் ஒரே அளவுக்குச் சேர்ந்து விழுந்திருக்கும், பிளக் நுனியில் உப்புத் தண்ணீரின் அடையாளம் இருக்கலாம், ஒரு பிஸ்டன் தலை மட்டும் ஆவியில் கழுவின மாதிரிச் சுத்தமாக இருக்கும். கேஸ்கட் விலை கொஞ்சம், வேலை அரை நாள். ஆனால் கடல் தண்ணீரில் கிடந்த எஞ்சினில் ஹெட் போல்ட்டைக் கழற்றுவது ஒரு தவம். அலுமினியமும் இரும்பும் உப்போடு சேர்ந்து ஒன்றையொன்று கட்டிப்பிடித்திருக்கும். துருக் கழற்றும் எண்ணெயை முதல் நாளே விட்டு, சூடு காட்டி, இறுக்கி இறுக்கித் தளர்த்த வேண்டும். நீளக் குழாயைச் சாவியில் கோத்து ஒரே மூச்சில் திருகினால் போல்ட் தலை கையோடு வரும், பிறகு துளை போட்டு எடுக்கிற கூலி கேஸ்கட்டை விடக் கூட. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டும்; 0.1 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி என்றால் தடித்த கண்ணாடியில் தண்ணீர்க் காகிதத்தை ஒட்டி, அதன்மேல் எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தலாம். அதற்கும் முன்னால், கேஸ்கட் ஏன் எரிந்தது? எஞ்சின் சூடேறினதால். ஏன் சூடேறினது? எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் இம்பெல்லர், எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீரை இழுத்துக் கொடுக்கிற ரப்பர்ச் சில்லு. களப்பு வாயிலும் மகாவலி கொட்டுகிற கொட்டியாரக்குடாப் பக்கமும் மணலையும் சேற்றையும் இழுத்து இழுத்து அந்த ரப்பர் இதழ்கள் தேய்ந்துபோகும், பக்கத்தால் பீச்சுகிற தண்ணீர் மெலிந்து நூலாகும், நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே ஓடுவோம்.

இப்போது ரிங். கரையில் அதிகம் பேர் எடுக்கிற முடிவு இது, எனக்கு அதிகம் பிடிக்காத முடிவும் இதுதான்.

ரிங் மட்டும் போடுவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. சாமான் விலை குறைவு, லேத்துக்கு அனுப்பத் தேவையில்லை, மெக்கானிக் இரண்டு நாளில் முடித்துத் தருவார், போட்ட உடனே எண்ணும் ஏறும். ஆனால் ஓட ஓடச் சிலிண்டர் வட்டமாகத் தேய்வதில்லை. புகை வெளியேறும் வாசல் இருக்கிற பக்கம் சூடு கூட, அங்கே அதிகம் தேயும். துளை கொஞ்சம் முட்டை வடிவமாகும். புது ரிங் வட்டமானது. முட்டைக்குள் வட்டத்தை வைத்தால் இரண்டு பக்கம் தொடும், இரண்டு பக்கம் தொடாது. கோடு விழுந்த இடத்தில் காற்று கீழே போகத்தான் செய்யும், கூடவே தேய்ந்த பிஸ்டன் பக்கவாட்டில் ஆடும்போது ரிங்கும் சேர்ந்து ஆடும். ஒரு பருவம் ஓடும், அடுத்த வாடைக்கு மறுபடி பிரிக்க வேண்டும். இரண்டு தரம் பிரிக்கிற கூலியையும் இரண்டு கேஸ்கட் செட்டையும் கூட்டிப் பார்த்தால் போர் பண்ணின காசு வந்துவிடும்.

அப்போ ரிங் மட்டும் போடவே கூடாதா? போடலாம், அளந்துவிட்டு. லேத்துக்கடையில் உள்விட்டம் அளக்கிற கருவி இருக்கும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்ல வேண்டும். என்னுடைய எஞ்சினின் துளை 56 மில்லிமீற்றர். அளவுகள் ஒன்றுக்கொன்று சேர்ந்து, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள் இருந்தால், சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து, அதாவது ஹோன் பண்ணி, ரிங் போடுவது அருமையான முடிவு. அளக்கும் கருவி கிடைக்காவிட்டால் ஒரு நாட்டு வழி உண்டு: புது ரிங் ஒன்றை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஃபீலர் என்கிற மெல்லிய அளவுத் தகட்டால் அளப்பது. ஒரு அங்குலத் துளைக்கு ஆயிரத்தில் நான்கு அங்குலம் என்பது பழைய கணக்கு, 56 மில்லிமீற்றருக்கு 0.2 மில்லிமீற்றர் அளவில் வரும். மேலே ஒரு அளவு, நடுவே ஒரு அளவு என்று வாய் மாறிக்கொண்டே போனால் சுவர் தேய்ந்திருக்கிறது. சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் டூ ஸ்ட்ரோக்கில் ரிங் பள்ளத்துக்குள் ஒரு சின்ன ஆணி இருக்கும், ரிங்கின் வாய் அந்த ஆணியில்தான் நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழகின கை, வாய்களை எதிரெதிரே திருப்பி வைக்கப் பார்க்கும். இங்கே அப்படித் திருப்பினால் பிஸ்டனை உள்ளே தள்ளும்போதே ரிங் உடையும். உடைந்த துண்டு வாசலில் மாட்டினால் கதை முடிந்தது.

போர் பண்ணுவது கோடு விழுந்த எஞ்சினுக்கான முறையான வழி. இந்த எஞ்சின்களில் அலுமினிய உடம்புக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கிறது, அதை 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெருப்பித்து அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்கும் போடுவார்கள். மூன்று விஷயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலாவது, பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பிறகு போருக்குக் கொடுங்கள். துளை பிஸ்டனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் மயிரிழை மாறும். இரண்டாவது, போர் பண்ணின பிறகு வாசல்களின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அதைச் சரிவாக உடைத்துவிட வேண்டும். லாரி எஞ்சின் மட்டும் செய்து பழகின லேத்துக்காரர் இதை மறப்பார், ஏனென்றால் லாரி சிலிண்டரில் வாசலே இல்லை. மறந்தால் புது ரிங்கை அந்த விளிம்பு சீவிவிடும். மூன்றாவது, ஒரு பக்கம் மட்டும் போர் பண்ணலாமா என்ற கேள்வி. பண்ணலாம், ஓடும். என்றாலும் மற்றது 98இல் இருக்கிறது, அடுத்த வருடம் அதற்காக மறுபடி பிரிக்க வேண்டும். பிரித்த கையோடு இரண்டையும் முடிப்பதுதான் புத்தி.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, அந்தக் கோடு ஏன் விழுந்தது என்பது. இதைக் கேட்காமல் போர் பண்ணினவருடைய எஞ்சின் புதுப் பிஸ்டனோடு திரும்பப் பிடித்துக்கொள்ளும், அவர் லேத்துக்காரரைத் திட்டுவார். இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோலக் கீறியிருந்தால் ஆயில் கலவை குறைந்தது, தண்ணீர் ஓட்டம் நின்றது, கார்புரேட்டர் ஜெட் அடைத்தது என்று பொதுக் காரணங்களைத் தேடலாம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவினபோது, எங்கள் கரையில் சிலர் ஆயிலில் மிச்சம் பிடித்து ஓடினார்கள். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த எஞ்சின் வாங்குகிறவர் இதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஆனால் ஒரே கார்புரேட்டர் இரண்டு சிலிண்டருக்கும் ஊட்டுகிற எஞ்சினில் கீழ்ச் சிலிண்டர் மட்டும் அடிபட்டிருந்தால் ஜெட் குற்றவாளி இல்லை. என்னுடையதில் பிரித்துப் பார்த்தபோது கிராங்க் தண்டின் கீழ்ப்பக்க ஆயில் சீல் கல்லாகி உதடு வெடித்திருந்தது. அதற்குள்ளால் வேண்டாத காற்று புகுந்து அந்த ஒரு சிலிண்டரின் கலவை மட்டும் மெலிந்து, ஆயிலும் மெலிந்து, பிஸ்டன் காய்ந்து உரசியிருக்கிறது. கீழ் பெயரிங்கில் துருவும் தொடங்கியிருந்தது. ரிங் மட்டும் போட்டிருந்தால் இந்த சீலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மேல் பாகத்தையே பழையதாக வாங்கி மாற்றுகிற வழி, அதாவது பவர்ஹெட் மாற்றுவது. கியர் பெட்டியும் மற்றக் கீழ்ப் பாகமும் நன்றாக இருந்து, தண்டும் பெயரிங்கும் போயிருந்தால் இது கணக்குக்கு வரும். நேரமும் மிச்சம், ஒரு நாள் வேலை. ஆனால் ஒரு பழைய எஞ்சினில் ஏமாந்தவன் இன்னொரு பழைய எஞ்சினின் பாதியை நம்பி வாங்குகிறான் என்பதுதான் இதன் சாரம். வெளியே தூக்கி வைத்த பவர்ஹெட்டை ஓட்டிப் பார்க்கவும் முடியாது. கமரா விட்டுப் பார்த்து, தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, தண்ணீர்ப் பாதைகளில் உப்பு எவ்வளவு கட்டியிருக்கிறது என்று கம்பியால் குத்திப் பார்த்து வாங்க வேண்டும். நிலாவெளியில் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுகிற ஒரு தம்பி இதைச் செய்தார், அவருக்கு அமைந்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், சுற்றிவரப் போட்கள், நின்றால் யாராவது இழுத்து வருவார்கள். இருந்தாலும் பிள்ளைகுட்டியோடு வருகிற ஆட்களை ஏற்றுகிற போட்டுக்கு நான் என்றால் வரலாறு தெரியாத எஞ்சின் போடமாட்டேன். பருவ நடுவில் இரண்டு கிழமை எஞ்சினைப் பிரித்து வைக்க முடியாது என்று அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

தலைமுழுகுவது எப்போது? உடம்பில் வெடிப்பு, தண்ணீர்ப் பாதைச் சுவர் உப்பரித்து அப்பளம் மாதிரி ஆனது, கடலுக்குள் மூழ்கி எடுத்து உடனே கழுவாமல் வைத்தது, 0.50 வரைக்கும் ஏற்கெனவே போர் பண்ணி முடிந்தது. இந்த நாலில் ஒன்று என்றால் மேலே காசு போட வேண்டாம். கியர் பெட்டி, கார்புரேட்டர், சுருள், மூடி என்று பிரித்து விற்றால் முழுதாக விற்பதை விடக் கூட வரும், பொறுமை இருந்தால். முழுதாக விற்பதானால் கம்ப்ரஷன் எண்ணைச் சொல்லி விற்க வேண்டும். ஆயிலை ஊற்றி அல்ல.

எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை இது: வாங்கின விலையும் பழுது செலவும் சேர்ந்து, அதே எச்.பி.யில் சொந்தக்காரர் நமக்குத் தெரிந்தவராக இருக்கிற ஒரு நல்ல எஞ்சினின் விலையைத் தாண்டக் கூடாது. பிரிப்பதற்கு முன்னாலேயே அந்த எண்ணை எழுதி வைத்தேன், ஏனென்றால் பிரித்த பிறகு 'இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்ற பேய் பிடித்துவிடும். இரண்டு பிஸ்டன், ரிங், போர், கிராங்க் சீல் எல்லாம், கீழ் பெயரிங், கேஸ்கட் செட், இம்பெல்லர் என்று கூட்டியபோது எல்லைக்கு மயிரிழை கீழே நின்றது. பெயரிங் இரண்டும் போயிருந்தால் விற்றிருப்பேன். களப்புக்குள் மட்டும் ஓடுகிறவனாக இருந்திருந்தால் சீலையும் ரிங்கையும் போட்டு ஒரு வருடம் பார்த்திருப்பேன், அதையும் மறைக்கவில்லை.

வேலை நடந்தது வாடை மாதத்தில். கடல் பொங்கிப் போட் எல்லாம் கரையேறி இருக்கும் காலம், அவசரமில்லை, ஆனால் லேத்தில் எல்லோருடைய எஞ்சினும் வரிசையில் நிற்கும். 0.25 போதும் என்றார் மெக்கானிக் அண்ணை, போதுமாகவே இருந்தது. முதல் பத்து மணித்தியாலம் 25க்கு 1 கலவை, அதாவது பத்து லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர் ஆயில். உள்துறைமுகத்தின் அமைதியான தண்ணீரில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், முழு வேகம் கொடுக்காமல் சுற்றினேன். கரையில் நின்றவர்கள் பெற்றோலை ஏன் இப்படி எரிக்கிறாய் தம்பி என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு 50க்கு 1.

எஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் அழியாத மையால் திகதியும் எண்ணும் எழுதி வைக்கிறேன், விற்றவர் காட்டின முதல் வரியைத் தவிர எல்லாம் ஒரே கேஜால் அளந்தது. முதல் வரியில் 112, 108. அதைக் குறுக்கே வெட்டியிருக்கிறேன். இரண்டாவது 98, 58. மூன்றாவது 61 என்று கழுவின நாள். நாலாவது, பத்து மணித்தியாலம் முடிந்த அன்று, 118, 116.

பிளக் நுனியையும் மணந்து பார்த்தேன். காய்ந்திருந்தது.